யாழ்நூல் தந்த இரசாயன ஆசிரியர்

மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள அழகியற் கற்கைகள் நிறுவகம் சுவாமி விபுலானந்தரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இசையும் நடனமும் பயிலும் இடத்திற்கு யாழ்நூல் ஆசிரியரின் பெயர் பொருந்துவதில் ஐயமில்லை. ஆயினும், அவர் அறிவியற் பட்டதாரி என்பதையும், தமிழ்ப் பேராசிரியராவதற்கு முன் விஞ்ஞானம் கற்பித்தவர் என்பதையும் வாவிக்கரை மக்களே மறந்து வருகின்றனர். உயிரிரசாயனமும் மரபணு ஆய்வும் பல்கலைக்கழகங்களில் முதன்மை பெற்றுள்ள இந்நாளில், அவரது வாழ்வின் அப்பகுதி நினைக்கத்தக்கது.

மயில்வாகனன் என்ற பெயருடன் 1892 மார்ச் 27ஆம் திகதி காரைதீவில் பிறந்தவர் அவர். கல்முனையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்து, இளம் வயதிலேயே ஆசிரியப் பணியில் இறங்கினார். 1916ஆம் ஆண்டு அவர் வாழ்வில் குறிப்பிடத்தக்கது. கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் அவ்வாண்டிலேயே அவரை வந்தடைந்தன. இரண்டையும் ஒருசேரத் தேடிய இளைஞர்கள் அன்று மிக அரிது, இன்றும் அரிதே. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்து, இலண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். 1922இல் அனைத்தையும் துறந்து சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவுப் பெயர் பெற்று, மறு ஆண்டே நாடு திரும்பிப் பள்ளிகளை வளர்க்கலானார். 1929இல் கல்லடி உப்போடையில் எழுந்த சிவானந்த வித்தியாலயம் அவற்றுள் தலையாயது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்த்தியது. பி.எஸ்ஸி. பட்டதாரி ஒருவர் தமிழ்த்துறையின் தலைமைக்கு வந்தது சிலருக்கு வியப்பாக இருந்திருக்கலாம். யாழ்நூலைப் புரட்டுவோருக்கு அவ்வியப்பு எழாது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் கூறும் இசைச் செய்திகளை அவர் உரையாசிரியர்களின் துணையோடு மட்டும் அணுகவில்லை, கணக்கிட்டுப் பார்த்தார். ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டாக்கினால் குரலுக்கு ஐந்தாவதான இளி பிறக்கும். பௌதிக ஆய்வுகூடத்தில் மாணவர் கற்கும் இவ்விதியைக் கொண்டே பழந்தமிழ்ப் பண்களின் அலகுகளை வகுத்தார். வழக்கொழிந்த யாழ்களுக்கு வடிவம் தந்து, அவற்றைச் செய்வித்து, இசைக்கவும் செய்தார். அவருடைய முடிவுகள் சிலவற்றை இசையறிஞர்கள் ஏற்பதில்லை. மறுக்கும் அளவுக்குத் துல்லியமாகத் தம் கணக்கை எழுதி வைத்தாரே, ஆய்வாளருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அவரது மற்றொரு தொண்டு அதிகம் பேசப்படுவதில்லை. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1936இல் பச்சையப்பன் கல்லூரியில் கூடிய சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் அடிகளார். அம்முயற்சி 1938இல் கலைச்சொற்கள் என்னும் நூலாக வெளிவந்தது. இரசாயனம், பௌதிகம், தாவரவியல், உடலியல் முதலிய துறைகளைத் தமிழில் கற்பிக்க வேண்டும் என்ற துணிவே அதன் அடிப்படை. அத்துணிவு பாதிவழியில் நிற்கின்றது என்பதே என் கருத்து. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன் 1954இல் கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவத்தை உலகுக்கு அறிவித்தார்; எழுதியது ஆங்கிலத்தில். அவருக்கு வேறு வழியில்லை. நம் மாணவர்களின் நிலை வேறு. க.பொ.த. உயர்தரம் வரை உயிரியலைத் தமிழில் கற்றவர்கள், வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ விஞ்ஞான பீடத்தில் நுழைந்ததும் மொழியையே மாற்ற நேர்கிறது. ஆங்கிலம் தேவை என்பதில் தர்க்கமில்லை. அதற்காகத் தமிழ் ஆய்வுகூட வாசலிலேயே நின்றுவிட வேண்டுமா?

முஸ்லிம் வாசகர்கள் மறக்கக்கூடாத ஒரு நட்பும் உண்டு. 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், அங்கே அடிகளாரோடு நெருங்கிப் பழகினார். கிழக்கு முஸ்லிம்களின் கல்விப் பின்னடைவைக் கண்டு வருந்திய அஸீஸ், 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபருமானார். காவியுடை தரித்த துறவியும் முஸ்லிம் சிவில் அதிகாரியும் கல்வியைப் பற்றி அமர்ந்து உரையாடிய கல்முனை அது. பிற்கால ஆண்டுகளின் கசப்பை அறிந்தவர்களுக்கு இச்செய்தியின் அருமை விளங்கும்.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். உடல்நலம் குன்றிய நிலையிலும் யாழ்நூலை முடித்தார். 1947 ஜூன் மாதத்தில் தஞ்சைப் பகுதியின் திருக்கொள்ளம்பூதூரில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அடிகளார் கொழும்பில் மறைந்தார். அவரது உடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது. நிலாக்கால இரவுகளில் மீன் பாடுவதாகச் சொல்லப்படும் கல்லடிப் பாலம் அங்கிருந்து தொலைவில் இல்லை.