வங்கிக்காரர்களின் ரகசியத்தை அச்சில் போட்ட கணக்குப்பிள்ளை... யார் இந்த சைமன் ஸ்டெவின்?

வீட்டு லோன் எடுக்கப் போகிறீர்கள். 20 வருடமா, 25 வருடமா என்று குழப்பம். போனில் இஎம்ஐ கால்குலேட்டரைத் திறந்து மூன்று எண்களைத் தட்டினால் விடை வந்துவிடுகிறது. வங்கி சொல்லும் தொகை சரியா என்பதை மேனேஜர் எதிரில் உட்கார்ந்தபடியே சரிபார்த்துவிடலாம்.

சுமார் 450 வருடங்களுக்கு முன்பு ஐரோப்பாவில் கடன் வாங்கியவருக்கு இந்த வசதி கிடையாது. எதிரில் இருந்த வங்கிக்காரரிடம் மட்டும் இருந்தது. கையால் எழுதிய வட்டி அட்டவணை அது. எந்த வட்டிக்கு, எத்தனை வருடத்துக்கு, எவ்வளவு என்பதை அதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆனால் யாருக்கும் காட்டமாட்டார்கள். தொழில் ரகசியம்!

1582-ல் அந்த ரகசியத்தை அச்சிட்டுக் கடைக்கு அனுப்பியவர் சைமன் ஸ்டெவின். அப்போது அவருக்கு வயது 34. கையில் பட்டம் எதுவும் இல்லை.

புரூஜ் நகரத்துப் பையன்

இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் புரூஜ் நகரில் 1548-ல் பிறந்தவர் ஸ்டெவின். அவருடைய பெற்றோர் திருமணம் செய்துகொண்டவர்கள் அல்ல. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. அம்மா பின்னர் ஒரு வணிகக் குடும்பத்தில் மணமுடித்தார். பையனும் வணிகக் கணக்கோடுதான் வளர்ந்தார்.

முதல் வேலை ஆன்ட்வெர்ப் நகரில். ஒரு வணிகரிடம் கணக்கு எழுதுவது, கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொள்வது. வட ஐரோப்பாவின் பணச் சந்தையே அப்போது ஆன்ட்வெர்ப்தான். மிளகு, துணி, வெள்ளி என எல்லாம் அங்கே கைமாறும். அரசர்களே கடன் கேட்டு வருவார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் என்னென்ன பார்த்திருப்பார் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

பிறகு போலந்து, பிரஷ்யா, நார்வே என்று சுற்றினார். 1577-ல் ஊர் திரும்பி வரி அலுவலகத்தில் எழுத்தர் ஆனார். நெதர்லாந்துப் பகுதிகள் ஸ்பெயின் அரசருக்கு எதிராகக் கலகத்தில் இருந்த நேரம் அது. 1581-ல் ஸ்டெவின் வடக்கே லைடன் நகருக்குக் குடிபெயர்ந்தார். பல்கலைக்கழகத்தில் அவர் பெயர் பதிவானது 1583-ல். அதாவது, வட்டிப் புத்தகம் வெளிவந்த பிறகுதான் அவர் கல்லூரி மாணவர்!

500-ஆ, 385-ஆ?

அந்த அட்டவணை ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு கணக்கைப் பார்த்தால் புரிந்துவிடும்.

ஒருவர் 10 வருடம் கழித்து 1,000 பவுண்டு தர வேண்டும். இன்றைக்கே கொடுத்துக் கடனை முடித்துவிட நினைக்கிறார். வட்டி 10%. எவ்வளவு கொடுத்தால் சரி?

தனி வட்டி மட்டும் தெரிந்தவர் போடும் கணக்கு எளிது. 500 பவுண்டுக்கு வருடம் 50 பவுண்டு வட்டி, 10 வருடத்தில் இன்னொரு 500. ஆக, இன்று 500 கொடுத்தால் போதும் என்பார். கூட்டு வட்டியில் பார்த்தால் 385½ பவுண்டே போதும். இடையில் 114 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். அட்டவணை வைத்திருப்பவருக்கு இது தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. ரகசியத்தின் விலை இதுதான்.

இது பெரிய வணிகர்களின் கவலை மட்டுமல்ல. அங்கே நகராட்சிகள் மக்களிடம் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு, வருடா வருடம் ஒரு தொகை தருவது வழக்கம். இன்றைய ஆனுட்டி திட்டம் மாதிரி. கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்த சாதாரணக் குடும்பங்களும் இதில் பணம் போட்டன. கேட்கிற விலை நியாயமா என்று பார்க்க அவர்களிடம் எதுவும் இல்லை.

ஸ்டெவினுக்கு முன்பு யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. பிரான்சில் ழான் டிரான்ஷான் என்பவர் 1558-ல் அச்சிட்ட கணக்குப் புத்தகத்தில் ஒரு சுவாரஸ்யமான கேள்வி உண்டு. பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஹென்றி லியோன் நகர வங்கிக்காரர்களிடம் வாங்கிய பெருங்கடனை ஒட்டிய கேள்வி அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 4% வட்டி வாங்கிக்கொண்டு அசலை அப்படியே விட்டுவைப்பது ஒரு வழி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 5% வீதம் 41 தவணை வாங்கிக்கொண்டு கணக்கை முடிப்பது இன்னொரு வழி. கடன் கொடுத்தவருக்கு எது லாபம்? இன்று எக்செலில் போட்டுப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 100-க்கு 4 காசுகூட வித்தியாசம் வராது. 41 என்ற எண்ணை யாரோ நன்றாகக் கணக்குப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்!

ஒரு கோடியில் தொடங்கும் அட்டவணை

டிரான்ஷான் கொடுத்தது கொஞ்சம். ஸ்டெவின் முழுதாகவே கொடுத்துவிட்டார். 'வட்டி அட்டவணைகள்' என்ற நேரடியான தலைப்பு. 1% முதல் 16% வரை ஒவ்வொரு வட்டிக்கும் ஓர் அட்டவணை. ஒவ்வொன்றிலும் 30 வருடங்கள். 16 காசு போட்டால் வருடம் 1 காசு என்கிற மாதிரி வட்டியைப் பேசுவது அங்கே வழக்கம். அதற்கென்றும் தனி அட்டவணைகள் போட்டார்.

அவர் தொடக்கமாக எடுத்த தொகை 1,00,00,000. நம் கணக்கில் சரியாக 1 கோடி! ஏன் இவ்வளவு பெரிய எண்? ஐரோப்பிய வணிகர்களிடம் தசம எண்கள் அப்போது புழக்கத்தில் இல்லை. 0.909 என்று எழுத வழி கிடையாது. 1 கோடியில் தொடங்கினால் பின்னத் தொல்லை இல்லாமல் முழு எண்களிலேயே ஓட்டிவிடலாம்.

10% வட்டியில், ஒரு வருடம் கழித்து வரும் 1 கோடியின் இன்றைய மதிப்பு சுமார் 90,90,909. இரண்டு வருடம் என்றால் 82,64,463. பத்தாவது வருடத்தில் 38,55,433. முப்பதாவது வருடத்தில் வெறும் 5,73,086. முதல் 10 எண்களைக் கூட்டினால் 6 கோடியே 14 லட்சம் வரும். வருடம் 1 கோடி வீதம் 10 வருடம் கிடைக்கும் தொகைக்கு இன்று கொடுக்க வேண்டிய விலை அது. பென்ஷன் திட்டம் விற்கும் நிறுவனங்கள் இன்றும் இந்த அடிப்படையில்தான் தொடங்குகின்றன.

சதவீத அட்டவணைகளுக்கு மட்டும் 480 முறை வகுக்க வேண்டும். எல்லாம் கையால். நடுவில் ஒரு எண் தப்பினால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் தப்பு. அச்சிட்டது சாதாரண அச்சகமும் இல்லை. ஆன்ட்வெர்ப்பில் கிறிஸ்தோஃபல் பிளான்டின் நடத்திய, ஐரோப்பாவின் மிகப் பெரிய அச்சகங்களில் ஒன்று அது.

இப்படிப்பட்ட அட்டவணைகள் சிலரிடம் இருப்பது தனக்குத் தெரியும் என்றும், பெரும் செலவு செய்தாலொழிய அவை கிடைக்காது என்றும் ஸ்டெவின் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். எப்படிப் பயன்படுத்துவது, சொந்தமாக எப்படி ஓர் அட்டவணை தயாரிப்பது என்றும் விளக்கினார். ரகசியம் அதோடு போச்சு.

பத்தில் ஒன்று

மூன்று வருடம் கழித்து, 1585-ல், ஸ்டெவின் 40 பக்கம்கூட இல்லாத சின்னப் புத்தகம் ஒன்றை எழுதினார். பெயர் 'டி தீண்ட', பத்தில் ஒன்று என்று அர்த்தம். தசம எண்களை எப்படிக் கூட்டுவது, கழிப்பது, பெருக்குவது, வகுப்பது என்ற செய்முறைதான் முழுக்க. வட்டி அட்டவணையில் 1 கோடியை வைத்து ஓட்டிய வேலையை இனி எல்லாக் கணக்கிலும் செய்யலாம் என்றானது.

ஐரோப்பாவில் தசமத்தை யோசித்த முதல் ஆள் அவர் இல்லை. அதற்கு முன்பே அரபு, பாரசீக உலகக் கணித அறிஞர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஸ்டெவின் அதைக் கொண்டுபோய்க் கொடுத்த இடம்தான் வேறு. நிலம் அளப்பவர், திரைச்சீலை அளப்பவர், மதுப் பீப்பாய் அளப்பவர், நாணயச் சாலை அதிகாரி, வணிகர் என்று பெயர் சொல்லி அவர்களுக்காக எழுதினார். அவருடைய குறியீடு மட்டும் கொஞ்சம் சிரமம். புள்ளி கிடையாது, ஒவ்வொரு இலக்கத்தோடும் வட்டத்துக்குள் ஓர் எண் போட வேண்டும். அது நிலைக்கவில்லை.

நாணயம், எடை, அளவு எல்லாவற்றையும் பத்துப் பத்தாகப் பிரிக்க வேண்டும் என்ற கோரிக்கையோடு அந்தப் புத்தகம் முடிகிறது. 1 பவுண்டுக்கு 20 ஷில்லிங், 1 ஷில்லிங்குக்கு 12 காசு என்று கணக்கு எழுதி நொந்தவரின் கோரிக்கை அது. அரசாங்கங்கள் அவசரப்படவில்லை. அமெரிக்கா தசம நாணயத்துக்கு மாறியது 1792-ல். நம் ஊரில் ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா வந்தது 1957-ல்.

இளவரசருக்கும் கணக்கு வாத்தியார்

பிறகு ஸ்டெவின் எங்கேயோ போய்விட்டார். டச்சுப் படைத் தலைவரான இளவரசர் மாரிஸுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தார், ராணுவப் பொறியாளராக இருந்தார். எடை வேறுபட்ட இரண்டு ஈயக் குண்டுகளை உயரத்திலிருந்து போட்டு, இரண்டும் ஒன்றாகவே விழுவதை நண்பரோடு சேர்ந்து காட்டினார். காற்றில் ஓடும் பாய்மர வண்டி கட்டி, ஒரே நேரத்தில் 28 பேரை ஏற்றிக் கடற்கரையில் ஓட விட்டார். நெதர்லாந்தில் அவரைப் பிரபலமாக்கியது அந்த வண்டிதான் என்பது ஒரு வேடிக்கை.

கணக்குப்பிள்ளை புத்தி மட்டும் போகவில்லை. வணிகர்கள் எழுதும் இரட்டைப் பதிவு முறையிலேயே இளவரசரின் நிலங்களுக்கும் அரசாங்க வரவு செலவுக்கும் கணக்கு வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். வரி வசூலிப்பவர் கையில் எவ்வளவு நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும் என்பது அவர் வாதம். மாரிஸ் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கேட்ட சந்தேகங்களும் ஸ்டெவின் சொன்ன பதில்களும் உரையாடலாகவே பின்னர் அச்சில் வந்தன.

1600-ல் லைடனில் பொறியாளர்களுக்கான வகுப்பு தொடங்கியபோது பாடத்திட்டம் போட்டவரும் ஸ்டெவின்தான். பல்கலைக்கழகம் என்றால் லத்தீன் என்றிருந்த காலம். இந்த வகுப்பு டச்சு மொழியில் நடந்தது. கணிதத்துக்கு டச்சுக்காரர்கள் இன்றும் சொல்லும் 'விஸ்குண்டே' என்ற வார்த்தை அவரிடமிருந்து வந்தது.

ஸ்டெவின் 1620-ல் இறந்தார். அச்சேறாமல் கிடந்த கையெழுத்துப் படிகளைத் தேடிச் சேர்த்துப் பதிப்பித்தவர் அவருடைய மகன் ஹெண்ட்ரிக். வட்டி அட்டவணையை அச்சிட்ட பிளான்டின் அச்சகம் ஆன்ட்வெர்ப்பில் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2005-ல் சேர்ந்தது. பழைய அச்சு இயந்திரங்களும் ஈய எழுத்துகளும் அங்கே அப்படியே இருக்கின்றன.