பாலவநத்தத்தார் வாழ்வில் பத்தாண்டுகள்

கமுதியிலிருந்து மேற்கே சென்று, அருப்புக்கோட்டையைக் கடந்து விருதுநகர் நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது பாலவநத்தம். முன்னாளில் இராமநாதபுரம் சமஸ்தானத்தைச் சார்ந்த ஜமீனாக விளங்கிய சிற்றூர். அதன் பெயரைத் தமிழுலகம் மறவாதிருப்பதற்குக் காரணம் அதன் நிலவளமன்று. அதன் ஜமீன்தாராயிருந்த பாண்டித்துரைத் தேவரே.

தேவர் 21-3-1867இல் பிறந்தார். தந்தையார் பொன்னுசாமித் தேவர், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குத் துணைநின்றவர். இளமையிலேயே தந்தையை இழந்த மைந்தர், அவர்தம் தமிழ்ப்பற்றைத் தம் உடைமையாக்கிக் கொண்டார். விவேகானந்தரை ஆதரித்த பாஸ்கர சேதுபதி இவருக்கு நெருங்கிய உறவினர். புலவர்களைப் போற்றியதோடு தாமும் நூல்களில் தோய்ந்து, பன்னூற்றிரட்டு என்னும் தொகைநூலை ஆக்கினார். உ.வே.சாமிநாதையரின் பதிப்புப் பணிக்கும் உதவினார்.

1901ஆம் ஆண்டு. மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்த தேவர், திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டுமெனக் கேட்டார். சங்கம் வளர்த்த ஊரில் அவை எளிதிற் கிட்டவில்லை என்பர். பிறராயின் வருந்தி ஊர் திரும்பியிருப்பர். தேவரோ அவ்வாண்டு செப்டம்பர் 14ஆம் நாளில் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். நூல் இல்லாக் குறையைப் போக்கப் பாண்டியன் புத்தகசாலை எழுந்தது. ஆசிரியர் இல்லாக் குறையைப் போக்கச் செந்தமிழ்க் கலாசாலை எழுந்தது. 1902இல் இரா. இராகவையங்காரை ஆசிரியராகக் கொண்டு செந்தமிழ் இதழ் வெளிவந்தது. பண்டிதத் தேர்வுகள் நடந்தன. ஆ. சிங்காரவேலு முதலியார் நெடுங்காலம் உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி, 1910இல் சங்கத்தின் வழியே அச்சேறியது. இவற்றினிடையே 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் தலைவராயிருந்தார்.

2-12-1911இல் தேவர் மறைந்தார். வயது 44. சங்கம் கண்ட நாள் முதல் அவருக்கு வாய்த்தவை பத்தாண்டுகளும் சில வாரங்களுமே.

செல்வத்தால் இயன்ற செயல் என்பார் உளர். அக்காலத்தே ஜமீன்தார்கள் பலர் இருந்தனர். அவர்தம் பெயர்கள் எங்கே? ஒரு நூல் கிடைக்கவில்லை என்பதைத் தமக்கு நேர்ந்த இழிவாகக் கொண்ட நெஞ்சமே தேவரின் தனிச்செல்வம். அவர் மறைந்த பின்னரும் சங்கம் நின்றது. கல்லூரியும் இதழும் தொடர்ந்தன.

நம் வட்டத்திற்கும் இன்று அகவை பத்து. பாடிய கவிதைகளையும் கூடிய கூட்டங்களையும் எண்ணி மகிழ்வது முறையே. ஆயினும், நாளை நம்மூர் இளைஞன் ஒருவன் ஒரு நூலைத் தேடி வந்தால் அவன் வெறுங்கையுடன் திரும்பலாகாது. பாலவநத்தத்தார்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.