முற்றுப்பெறாத ஓட்டம்

எடுத்த செயலை முடித்தவரையே வெற்றி பெற்றவர் என்று உலகம் போற்றும். இடையில் நின்றவரை எளிதில் மறந்துவிடும். ஆயினும், எடுத்த செயலை முடிக்க இயலாமல் இடைவழியில் நின்றும், மக்கள் உள்ளத்தில் நீங்கா இடம்பெற்ற இளைஞர் ஒருவர் உண்டு. அவர் ஒரு காலை இழந்தவர். இழந்த பின்னர் ஒரு பெருநாட்டின் குறுக்கே ஓடப் புறப்பட்டவர். அவரே கனடா நாட்டு டெரி பாக்ஸ் ஆவார்.

டெரி பாக்ஸ் 1958ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் வின்னிப்பெக் நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் இருப்புப்பாதைத் துறையில் பணிபுரிந்தவர். டெரி சிறுவராய் இருந்தபோதே, அக்குடும்பம் கனடாவின் மேற்குக் கடற்கரை மாகாணமாகிய பிரிட்டிஷ் கொலம்பியாவில் குடியேறியது. டெரிக்குக் கூடைப்பந்தாட்டத்தில் பெருவிருப்பம். ஆனால் அவ்வாட்டம் நெடியோர்க்கு ஏற்றது. அவரோ குறுகிய உருவினர். நெடுந்தொலை ஓட்டமே அவருக்குப் பொருந்தும் என்று பயிற்சியாசிரியர் அறிவுறுத்தினார். ஓட்டத்தில் விருப்பம் இல்லாதிருந்தும், ஆசிரியர் சொல்லை மதித்து அவர் ஓடிப் பழகினார். எனினும் கூடைப்பந்தைக் கைவிடவில்லை. எட்டாம் வகுப்பில் ஆண்டு முழுவதிலும் ஒரே ஒரு நிமிடம் ஆடும் வாய்ப்பே அவருக்குக் கிடைத்தது. அதனால் அவர் மனம் சோரவில்லை. இடைவிடாது முயன்று, பத்தாம் வகுப்பில் குழுவின் முதன்மை ஆட்டக்காரருள் ஒருவரானார். பள்ளி இறுதியாண்டில், சிறந்த விளையாட்டு வீரர்க்குரிய பரிசினைத் தம் நண்பர் டக் ஆல்வர்டுடன் பகிர்ந்துகொண்டார்.

பின்னர் அவர் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, உடலியக்கம் பற்றிய கல்வியைப் பயின்றார். அக்காலத்தில் அவர்தம் வலது முழங்காலில் நோவு தோன்றியது. விளையாட்டு வீரர்க்கு இயல்பாக வரும் வலி என்று எண்ணி அவர் அதனைப் பொறுத்துக்கொண்டார். 1977ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வலி மிகவே, மருத்துவமனைக்குச் சென்றார். எலும்பில் புற்றுநோய் பற்றியிருந்தது தெரியவந்தது. முழங்காலுக்கு மேல் 15 சென்டிமீட்டர் அளவில் வலக்கால் துண்டிக்கப்பட்டது. அப்பொழுது அவருக்கு அகவை பதினெட்டே.

அதன்பின் ஓராண்டுக்கு மேலாகக் கடுமையான மருந்துகளை உடலில் ஏற்றிக்கொள்ள நேர்ந்தது. மருத்துவமனையில் தம்மோடு இருந்த நோயாளரின் துன்பத்தை அவர் கண்டார். அவருள் சிறுவரும் இருந்தனர். சிலர் நலம்பெற்று வீடு திரும்பினர். சிலர் திரும்பவே இல்லை. தமக்கு வந்த நோயிலிருந்து பிழைப்போர் நூற்றுக்கு ஐம்பதின்மர் என்றும், ஈராண்டுக்கு முன்னர் அத்தொகை பதினைந்தாகவே இருந்தது என்றும் மருத்துவர் கூறக் கேட்டார். இவ்வேற்றுமைக்குக் காரணம் ஆராய்ச்சியே என்பது அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. யாரோ பொருள் வழங்கினர், யாரோ ஆராய்ந்தனர், அதனால் தாம் உயிர் பிழைத்தோம். அவ்வாறாயின், பிறர் பிழைக்கத் தாம் செய்யவேண்டிய கடமை ஒன்று உண்டன்றோ என்று அவர் கருதினார்.

அறுவை நடைபெறுதற்கு முதல்நாள் இரவில், ஒற்றைக்கால் இழந்த ஒருவர் நியூயார்க் மாரத்தான் ஓட்டத்தை ஓடி முடித்த செய்தியை ஓர் இதழில் அவர் படித்திருந்தார். அச்செய்தி வித்தாக அமைந்தது. மருத்துவமனையில் கண்ட துயரம் நீராகப் பாய்ந்தது. கீழைக் கடற்கரை தொடங்கி மேலைக் கடற்கரை வரை கனடா முழுவதையும் ஓடிக் கடந்து, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டுவது என்று அவர் உறுதி பூண்டார். அன்னையார் முதலில் தடுத்தார். மகனது உறுதியைக் கண்டு பின்னர்த் துணைநின்றார். ஓராண்டுக்கு மேல் நாள்தோறும் ஓடிப் பழகிய டெரி, அன்னையார் வேண்டிக்கொண்டமையால் ஒரு கிறிஸ்துமஸ் நாளில் மட்டும் ஓய்வு கொண்டார். பயிற்சிக் காலத்தில் 27 கிலோமீட்டர்ப் பந்தயம் ஒன்றில் ஓடி எல்லார்க்கும் கடைசியாக வந்தார். ஆயினும் கண்டோர் கண்ணீர் மல்கக் கைதட்டி அவரை வரவேற்றனர்.

1980ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 12ஆம் நாள், நியூபவுண்டுலாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் அட்லாண்டிக் மாகடலின் நீரில் தம் செயற்கைக்காலை நனைத்து அவர் ஓடத் தொடங்கினார். பசிபிக் மாகடலில் கொண்டுபோய் ஊற்றுவதற்கென அக்கடல்நீரை ஒரு குப்பியில் முகந்துகொண்டார். கடக்கவேண்டிய தொலைவோ 8,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. நண்பர் ஆல்வர்டு வண்டி ஓட்டி உடன்வந்தார். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர், அதாவது ஒரு முழு மாரத்தான் தொலைவு ஓடுவதென்பது திட்டம்.

அவ்வோட்டம் ஏனையோர் ஓடும் ஓட்டம் போன்றதன்று. செயற்கைக்காலின் வில் மீண்டும் தன் நிலைக்கு வருதற்குச் சிறிது நேரம் ஆகும். ஆதலின் ஒவ்வோர் அடிக்கும் இடக்காலால் ஒருமுறை கூடுதலாகத் தத்தியே அவர் செல்லவேண்டியிருந்தது. துண்டிக்கப்பட்ட காலின் நுனி உராய்ந்து புண்ணாகிக் குருதி கசிந்தது. தொடக்க நாள்களில் கடுங்காற்றும் மழையும் பனிப்புயலும் அவரை எதிர்த்தன. பல ஊர்களில் அவரை அறிவார் இலர். போர்ட்டோ பாஸ்க் என்னும் சிற்றூரிலோ, பதினாயிரம் மக்கள் பதினாயிரம் டாலருக்கு மேல் திரட்டி அளித்தனர். ஆளுக்கு ஒரு டாலர்! கனடா மக்கள் அனைவரும் தலைக்கு ஒரு டாலர் வழங்கவேண்டும் என்பதே பின்னர் அவர்தம் வேண்டுகோள் ஆயிற்று.

டெரி குறையே இல்லாதவர் அல்லர். உடல்வலி மிகுந்தபோது சினம் கொண்டார். உயிர் நண்பரோடும் பேசாதிருந்த நாள்கள் உண்டு. பெற்றோர் வந்து அமைதிப்படுத்த நேர்ந்தது. தம்பியும் உடன்வந்து சேர்ந்தார். உடலைச் சோதித்துக்கொள்ளுமாறு பிறர் கூறியதை டெரி பொருட்படுத்தவில்லை. அது பின்பற்றத்தக்க செயல் அன்று. ஆயினும், பிறர்க்கெனத் திரட்டிய பொருளில் ஒரு காசும் தமக்கென அவர் விரும்பியதில்லை.

கியூபெக் மாகாணத்தில் ஆதரவு குறைவாக இருந்தது. ஒண்டாரியோ மாகாணத்திலோ மக்கள் வெள்ளம் திரண்டது. டொராண்டோ நகரில் மட்டும் பதினாயிரம் பேர் கூடி வரவேற்றனர். அவரைப் போலவே புற்றுநோயால் காலிழந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன், மிதிவண்டியில் அவர்பின் தொடர்ந்து வந்தான். அதனைத் தம் பயணத்தின் சிறந்த நிகழ்ச்சியாக டெரி போற்றினார்.

செப்டம்பர் முதல் நாள். தண்டர் பே நகரை நெருங்கும்போது இருமலும் நெஞ்சுவலியும் அவரை வருத்தின. சாலையோரம் நின்று மக்கள் ஆரவாரித்தனர். அவர்கள் கண்முன் நின்றுவிட அவருக்கு மனம் வரவில்லை. ஆரவாரித்து நிற்போர் எவரும் இல்லாத இடம் வரையில் ஓடி, அதன் பின்னரே வண்டியில் ஏறி மருத்துவமனைக்குச் செல்லப் பணித்தார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாள்களில் ஆறு மாகாணங்களின் வழியே 5,373 கிலோமீட்டர் ஓடிய கால் அங்கே நின்றது. மீதியைத் தாங்கள் ஓடி முடிப்பதாகப் புகழ்பெற்ற விளையாட்டுக் குழு ஒன்று முன்வந்தது. நலம்பெற்றுத் தாமே முடிக்க விரும்பிய டெரி அதற்கு இசையவில்லை. அவர் முகந்த அட்லாண்டிக் நீரைப் பசிபிக் கடலில் ஊற்றும் பேறு அவருக்கு வாய்க்கவே இல்லை.

அவர் நின்றபோது சேர்ந்திருந்த பொருள் 17 இலட்சம் டாலர். அவர் நின்ற செய்தியோ நாட்டையே எழுப்பியது. ஒரு வாரத்திற்குள் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றன்வழி ஒரு கோடி டாலருக்கு மேல் குவிந்தது. 1981 பிப்பிரவரியில் மொத்தத் தொகை 2 கோடியே 40 இலட்சம் டாலரைக் கடந்தது. கனடாவின் அக்கால மக்கள்தொகையும் அவ்வளவே. தலைக்கு ஒரு டாலர் என்னும் அவா அவர் உயிரோடிருக்கும்போதே நிறைவேறியது. அவ்வாண்டு ஜூன் 28ஆம் நாள், இருபத்துமூன்றாம் அகவை நிறைய ஒரு திங்கள் இருக்கையில், அவர் மறைந்தார். நாடெங்கும் கொடிகள் தாழப் பறந்தன.

1981 செப்டம்பரில் அவர் பெயரால் முதல் ஓட்டம் நடைபெற்றது. மூன்று இலட்சம் பேர் ஓடினர். அதுமுதல் ஆண்டுதோறும் பல நாடுகளில் அவ்வோட்டம் நடைபெற்றுவந்துள்ளது. அதனால் 80 கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிக்குக் கிடைத்துள்ளது. அவருக்கு வந்த நோய் இக்காலத்தில் வருமாயின், காலை இழவாமலே பலர் நலம்பெறுகின்றனர். டெரியின் விருப்பப்படி அவ்வோட்டத்தில் போட்டி இல்லை, பரிசும் இல்லை, முதல்வரும் இல்லை, கடைசியாக வந்தவரும் இல்லை.

ஒருவர் தம் நலத்திற்கென ஓடும் ஓட்டம் அவர் நின்றவுடன் முடிந்துவிடும். பிறர் துயர் துடைக்க ஓடும் ஓட்டமோ, அவர் நின்ற இடத்திலிருந்து பிறரால் தொடரப்பெறும். டெரி பாக்ஸின் ஓட்டம் முற்றுப்பெறவில்லை. ஆதலின் அது தோல்வியும் அன்று.