ழான் ஃபிலியோசா

ழான் ஃபிலியோசா (நவம்பர் 4, 1906 – அக்டோபர் 27, 1982) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் இந்தியவியல் அறிஞரும் ஆவார். சமஸ்கிருதம், பாளி, திபெத்தியம், தமிழ் ஆகிய மொழிகளைக் கற்றவர். புதுச்சேரியில் 1955 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனத்தின் நிறுவனர் என்ற வகையில் தமிழகத்தில் அறியப்படுகிறார். இந்திய மருத்துவ வரலாறு, சைவ ஆகமங்கள், தமிழ்ப் பக்தி இலக்கியம் ஆகிய துறைகளில் இவரது ஆய்வுகள் அமைந்தன. மூல ஆவணங்களைத் திரட்டிப் பாதுகாத்துப் பட்டியலிடும் பணியை ஆய்வு நிறுவனமொன்றின் அடிப்படை வேலையாக நிலைநிறுத்தியது இவரது குறிப்பிடத்தக்க பங்களிப்பாகும்.

வாழ்க்கைக் குறிப்பு

ஃபிலியோசா பாரிஸ் நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்று 1930 முதல் 1947 வரை மருத்துவராகப் பணியாற்றினார். கண் மருத்துவம் இவரது துறையாகும். மருத்துவத் தொழிலில் இருந்துகொண்டே கீழைநாட்டு மொழிகளைக் கற்றார். 1941 இல் பாரிஸ் உயர் ஆய்வுப் பள்ளியில் ஆய்வு இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1952 இல் கொலேஜ் த பிரான்ஸ் என்னும் உயர்கல்வி நிறுவனத்தில் இந்திய மொழிகள், இலக்கியங்கள் பேராசிரியராக அமர்ந்து 1978 வரை அப்பதவியில் இருந்தார். 1956 முதல் 1977 வரை தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் இயக்குநராகவும் விளங்கினார். இவரது மகன் பியேர் சில்வேன் ஃபிலியோசாவும் சமஸ்கிருத அறிஞர் ஆவார்.

சுவடிப் பட்டியலாளர்

ஃபிலியோசாவின் தொடக்ககால ஆய்வுகளில் பட்டியலிடும் பணி முக்கிய இடம் பெற்றது. இந்தியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் பல்மிர் கோர்தியே திரட்டிய மருத்துவச் சுவடிகள் பாரிஸ் தேசிய நூலகத்தைச் சேர்ந்திருந்தன. அச்சுவடிகளின் பட்டியலை ஃபிலியோசா 1934 இல் வெளியிட்டார். பின்னர் அதே நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் தயாரித்தார். அதன் முதல் பகுதி 1941 இலும் இரண்டாம் பகுதி 1970 இலும் வெளிவந்தன. இரண்டிற்கும் இடையே 29 ஆண்டுகள் கழிந்தன என்பது இப்பணியின் கடினத்தைக் காட்டுகிறது.

சுவடிப் பட்டியல் என்பது நூற்பெயர்களின் வரிசை மட்டுமன்று. ஒவ்வொரு சுவடிக்கும் எழுத்து வகை, ஏடுகளின் எண்ணிக்கை, நூலின் தொடக்கமும் முடிவும், சிதைந்த பகுதிகள், படியெடுத்தவர் இறுதியில் எழுதிய குறிப்பு ஆகியவை பதிவு செய்யப்படும். ஒரே கட்டில் பல நூல்கள் இருப்பதுண்டு. தலைப்பே இல்லாத நூல்களும் உண்டு. படியெடுத்த ஆண்டு அறுபதாண்டுச் சுழற்சியின் பெயரால் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், அது எந்த நூற்றாண்டுக்கு உரியது என்பதை வேறு சான்றுகளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். ஆகவே பட்டியலிடுபவர் ஒவ்வொரு சுவடியையும் படித்தறிய வேண்டியவராகிறார்.

இந்தப் பயிற்சி இவரது மருத்துவ வரலாற்று ஆய்வுகளுக்குத் துணை நின்றது. 1949 இல் வெளியான இந்திய மருத்துவக் கோட்பாடு பற்றிய நூலில், ஆயுர்வேதத்தின் வேர்களை வேத இலக்கியத்தில் தேடியதோடு, கிரேக்க மருத்துவத்துடன் அதற்குள்ள ஒப்புமைகளையும் ஆராய்ந்தார். லூயி ரெனு என்ற அறிஞருடன் இணைந்து இவர் உருவாக்கிய இந்தியவியல் கையேடு இரு தொகுதிகளாக 1947 முதல் 1953 வரையிலான காலத்தில் வெளிவந்தது.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம்

புதுச்சேரியின் ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவுக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச் 21 அன்று பிரெஞ்சு நிறுவனம் திறந்து வைக்கப்பட்டது. இந்திய நாகரிகத்தைப் பற்றிய ஆய்வும், இந்நாட்டின் இயற்கைச் சூழலைப் பற்றிய அறிவியல் ஆய்வும் ஒரே நிறுவனத்தில் இடம் பெற்றன. ஃபிலியோசா பாரிஸில் பேராசிரியராக இருந்துகொண்டே இதனை வழிநடத்தினார்.

நிறுவனம் தோன்றிய காலம் ஆவணங்களைப் பொறுத்தவரை முக்கியமானது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை, வரலாற்று மதிப்புடைய ஆவணங்களைப் பிரான்ஸ் வைத்துக்கொள்ளவும், ஆட்சி நடத்தத் தேவையான ஆவணங்களை இந்தியா வைத்துக்கொள்ளவும் வகை செய்தது. அதற்கு முன்னரும் புதுச்சேரியிலிருந்து ஆவணங்கள் வெளியேறியதுண்டு. 1854 இல் காலமான எடுவார் ஆரியேல் என்ற பிரெஞ்சு அதிகாரி புதுச்சேரியில் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. ஃபிலியோசாவின் காலத்தில் பிரெஞ்சு நிறுவனம் திரட்டிய சுவடிகளோ புதுச்சேரியிலேயே வைக்கப்பட்டன. அவற்றைப் படித்துப் பதிப்பிக்கும் பணியில் இந்தியப் பண்டிதர்கள் பெரும்பங்கு வகித்தனர்.

ஓலைச்சுவடித் திரட்டு

சைவக் கோயில்களின் அமைப்பு, பூசை முறை, விழாக்கள் ஆகியவற்றுக்கு ஆதாரமான ஆகமங்களில் பல அன்று அச்சேறாமல் இருந்தன. அவை பெரும்பாலும் கிரந்த எழுத்தில் ஓலைகளில் எழுதப்பட்டு, சிவாச்சாரியார்களின் இல்லங்களிலும் மடங்களிலும் கோயில்களிலும் சிதறிக் கிடந்தன. பனையோலை ஈரத்தாலும் பூச்சிகளாலும் சிதையக் கூடியது. முற்காலத்தில் பழைய ஏடு பழுதடையும் முன் புதிய ஏட்டில் படியெடுக்கும் வழக்கம் இருந்தது. அச்சு நூல்கள் பரவியபின் இவ்வழக்கம் குன்றியது. பழுதுற்ற ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவதும் உண்டு. இதனால், பதிப்பிக்கப்படாத நூல் அதன் கடைசி ஏட்டுடன் அழிந்துவிடும் நிலை ஏற்பட்டது.

இந்நிலையில் சுவடிகளைத் தேடித் திரட்டும் பணியை ஃபிலியோசா தொடங்கி வைத்தார். பண்டிதர் என். ஆர். பட் இப்பணியில் தலைமைப் பங்கு வகித்தார். உரியவர்கள் கொடுக்க இசைந்த சுவடிகள் நிறுவனத்தில் சேர்க்கப்பட்டன. கொடுக்க இயலாதவர்களின் சுவடிகள் தேவநாகரி எழுத்தில் தாளில் படியெடுக்கப்பட்டன. இவ்வாறு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாள் படிகள் உருவாயின. படியெடுத்தல் எளிதான வேலை அன்று. கிரந்த எழுத்தையும் சமஸ்கிருதத்தையும் ஆகம மரபையும் அறிந்தவரே பிழையின்றிப் படிக்க முடியும். மூல ஏடு பின்னர் அழிந்திருந்தால், அத்தாள் படியே அந்நூலுக்கு எஞ்சும் சான்றாகிறது.

ஒரே ஆகமத்தின் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளுடன் பதிப்பிக்கும் பணியும் நடைபெற்றது. என். ஆர். பட் பதிப்பித்த ரௌரவாகமத்தின் முதல் தொகுதி 1961 இல் வெளிவந்தது. சைவ ஆகமங்களைப் பற்றிய ஃபிலியோசாவின் முன்னுரை அதில் இடம்பெற்றது. மிருகேந்திராகமம் 1962 இலும், அஜிதாகமத்தின் முதல் தொகுதி 1964 இலும் வெளிவந்தன.

தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் ஒளிப்படமாகப் பதிவு செய்யும் பணி 1956 இல் தொடங்கியது. இத்திரட்டில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. கோயில்கள் திருப்பணியின்போது மாற்றம் அடைவதாலும் சிலைகள் களவு போவதாலும், பழைய ஒளிப்படங்கள் சான்றாவணங்களாகவும் பயன்படுகின்றன.

தமிழ் ஆய்வு

நிறுவனத்தின் நூல் வரிசையில் முதலாவதாக 1956 இல் வெளிவந்தது காரைக்கால் அம்மையார் பாடல்களின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாகும். இதனை காரைவேலன் மொழிபெயர்த்தார். ஃபிலியோசா முன்னுரை எழுதினார். ஃபிலியோசாவே ஆண்டாளின் திருப்பாவையை 1972 இலும், திருமுருகாற்றுப்படையை 1973 இலும் பிரெஞ்சு மொழியில் ஆய்வுரையுடன் வெளியிட்டார்.

பண்டைத் தமிழ் இலக்கியச் சொற்களின் அடைவு மூன்று தொகுதிகளாக 1967 முதல் 1970 வரை வெளிவந்தது. ஒரு சொல் எந்நூலில் எவ்விடத்தில் வருகிறது என்பதைக் காட்டும் இத்தகைய அடைவு, கணினித் தேடல் இல்லாத காலத்தில் ஆய்வாளருக்கு இன்றியமையாத கருவியாக இருந்தது. மூன்றாவது உலகத் தமிழ் மாநாடு 1970 இல் பாரிஸில் நடைபெற்றபோது அதனை நடத்தியவர்களுள் ஃபிலியோசா முதன்மையானவர்.

அறிவியல் ஆய்வுக்கூட ஆவணங்கள்

நிறுவனத்தின் அறிவியல் பிரிவு தாவரவியலாளர் பியேர் லெக்ரியின் பொறுப்பில் வளர்ந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுவின் ஒத்துழைப்புடன் பத்து இலட்சத்திற்கு ஒன்று என்ற அளவையில் தாவரப் போர்வை வரைபடங்கள் உருவாக்கப்பட்டன. கன்னியாகுமரித் தாள் 1961 இல் வெளியானது. களப்பணியில் சேகரித்த செடிகள் உலர்த்தித் தாளில் ஒட்டப்பட்டு, சேகரித்த இடமும் நாளும் குறிக்கப்பட்டு உலர்தாவரகத்தில் வைக்கப்பட்டன.

மகரந்தவியல் ஆய்வுக்கூடமும் இதே முறையைப் பின்பற்றியது. மலரிலிருந்து எடுத்த மகரந்தத்தை அமிலத்தால் பக்குவப்படுத்தி, அதன் வெளியுறையை மட்டும் கண்ணாடி வில்லையில் நிலைப்படுத்துவர். அவ்வில்லை எந்த உலர்தாவரத் தாளைச் சேர்ந்தது என்ற குறிப்பு உடன் இருக்க வேண்டும். செடியின் பெயர் பின்னாளில் திருத்தப்பட்டால், அக்குறிப்பைக் கொண்டே வில்லையின் பெயரையும் திருத்த முடியும். குறிப்பு தொலைந்தால் வில்லை பயனற்றதாகிவிடும். இக்கூடத்தைச் சேர்ந்த கணபதி தணிகைமணி, பூக்கும் தாவரங்களின் மகரந்த அமைப்பைப் பற்றி உலகெங்கும் வெளிவந்த ஆய்வுகளுக்கு ஓர் அடைவைத் தொகுத்து 1972 முதல் வெளியிட்டார்.

சுவடியும் உலர்தாவரமும் வேறுவேறு பொருள்கள். ஆயினும் மூலத்தைக் காத்தல், கிடைத்த இடத்தைக் குறித்தல், எண்ணிடுதல், மறுமுறை சரிபார்க்க வழிசெய்தல் என்னும் ஒழுங்கு இரண்டிற்கும் பொதுவானது.

மறைவும் பின்னரும்

ஃபிலியோசா 1982 அக்டோபர் 27 அன்று பாரிஸில் காலமானார். அவர் தொடங்கிய சில பணிகள் அவருக்குப் பின்னரே அச்சேறின. தி. வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரத்தின் முதல் தொகுதி 1984 இலும் இரண்டாம் தொகுதி 1985 இலும் வந்தன. புதுச்சேரிச் சுவடிகளின் விளக்கப் பட்டியலுடைய முதல் தொகுதி 1986 இல் வெளிவந்தது. பட்டியலிடுதலோடு ஆய்வு வாழ்வைத் தொடங்கிய ஃபிலியோசா அதனைக் காண உயிருடன் இல்லை.

பிரெஞ்சு நிறுவனத்திலும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் புதுச்சேரி மையத்திலும் உள்ள ஏறத்தாழ 11,000 சுவடிகள், புதுச்சேரி சைவச் சுவடிகள் என்ற பெயரில் 2005 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. சைவ சித்தாந்த நூல்களைப் பொறுத்தவரை உலகிலேயே மிகப் பெரிய சுவடித் திரட்டாக இது கருதப்படுகிறது.