உப்புக்குள் இருந்த கோலம்



எஸ்.பி.எம். எழுதிய எல்லாருக்கும் உப்பு என்றால் சோடியம் குளோரைடு என்று தெரியும். ஒரு சோடியமும் ஒரு குளோரினும் ஜோடி சேர்ந்தால் ஒரு உப்பு மூலக்கூறு. நூறு வருஷத்துக்கு முன்னால் பெரிய பெரிய வேதியியல் அறிஞர்களும் அப்படித்தான் நம்பினார்கள். அப்படி ஒரு ஜோடியே உப்புக்குள் கிடையாது என்று 1913-இல் காட்டியவருக்கு அப்போது வயது 23. அவர் பெயர் வில்லியம் லாரன்ஸ் பிராக்.

பொறியியல் படிக்கிற எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் அவர் ஒரு வரிச் சூத்திரமாகத்தான் வருவார். 'பிராக் விதி' என்று எழுதி, கணக்குப் போட்டு, அடுத்த பக்கம் போய்விடுவோம். அந்த வரிக்குப் பின்னால் ஓர் அப்பா, ஒரு மகன், ஒரு போர் என்று ஒரு வாழ்க்கையே இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

லாரன்ஸ் பிறந்தது 1890 மார்ச் 31, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில். அப்பா வில்லியம் ஹென்றி பிராக் அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியர். அம்மாவின் அப்பா சார்லஸ் டோட், அடிலெய்டிலிருந்து டார்வின் வரை பாலைவனத்தைக் கடந்து தந்திக் கம்பி போட்டவர். 1872-இல் அந்த வேலை முடிந்த பிறகு, ஆஸ்திரேலியத் தந்திகள் ஜாவா, நம்ம சிங்கப்பூர் வழியாகத்தான் லண்டன் போய்ச் சேர்ந்தன.

ஐந்து வயதில் லாரன்ஸ் மூன்று சக்கர சைக்கிளிலிருந்து விழுந்து இடது முழங்கையை உடைத்துக்கொண்டார். ஜெர்மனியில் ரோன்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. அப்பா தன்னிடம் இருந்த கருவியை வைத்து மகனின் கையைப் படம் எடுத்தார். ஆஸ்திரேலியாவில் சிகிச்சைக்காக எடுத்த முதல் எக்ஸ்ரே படங்களில் அதுவும் ஒன்று. கை முழுசாகச் சரியாகவில்லை. ஆனால் அதே கதிர்தான் பிறகு அவர் வாழ்க்கையையே தீர்மானித்தது.

கடற்கரையில் சிப்பி பொறுக்குவதில் அந்தப் பையனுக்குப் பெரிய ஆசை. அவர் கண்டெடுத்த ஒரு புது வகைக் கணவாய்க்கு அவர் பெயரையே வைத்தார்கள். 18 வயதில் அடிலெய்டில் பட்டம் முடித்தார். 1909-இல் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர, அப்பா லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும் மகன் கேம்பிரிட்ஜிலும் சேர்ந்தார்கள்.

1912-இல் மியூனிக் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. லாவே என்ற விஞ்ஞானி சொன்ன யோசனைப்படி, அவருடைய நண்பர்கள் ஒரு படிகத்தின் வழியாக எக்ஸ்-கதிரைச் செலுத்தியிருந்தார்கள். பின்னால் வைத்த தகட்டில் புள்ளி புள்ளியாக ஓர் ஒழுங்கான வடிவம் விழுந்தது. எக்ஸ்-கதிர் ஓர் அலை என்றார் லாவே.

இங்கேதான் சிக்கல். எக்ஸ்-கதிர் என்பது துகள்களின் ஓட்டம் என்று வருஷக்கணக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் நம்ம லாரன்ஸின் அப்பா! அந்தக் கோடை விடுமுறையில் அப்பாவும் மகனும் இதைப் பற்றியே பேசினார்கள். மகன் முதலில் அப்பாவின் கட்சிக்கு ஆதாரம் தேடி லீட்ஸில் சோதனை செய்து பார்த்தார். எதுவும் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் திரும்பிய பிறகு, கேம் ஆற்றங்கரையில் நடந்து போகும்போது விஷயம் பிடிபட்டது. அலைதான். ஆனால் லாவே கொடுத்த விளக்கத்தை விட எளிதான விளக்கம் ஒன்று இருந்தது.

நம்ம வீட்டு வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள். அதே மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தளங்கள் அடுக்கினால் அதுதான் படிகம். ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் அணு. ஒவ்வொரு தளமும் எக்ஸ்-கதிருக்கு ஒரு மங்கலான கண்ணாடி. பல தளங்களிலிருந்து திரும்பி வரும் அலைகள் ஒன்றோடு ஒன்று சரியாக இணையும் கோணத்தில் மட்டும் பளிச்சென்று ஒரு புள்ளி விழும். தளங்களுக்கு இடையே உள்ள தூரம், கதிர் விழும் கோணம், அலைநீளம். மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது கிடைத்துவிடும். பிராக் விதி இவ்வளவுதான்!

1912 நவம்பர் 11 அன்று அந்தக் கட்டுரை கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தில் வாசிக்கப்பட்டது. எழுதியவருக்கு வயது 22. அப்பாவின் கருத்துக்கு நேர் எதிரான பதில் அது. அப்பா என்ன செய்தார் தெரியுமா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. மகனின் விதியை வைத்து அளப்பதற்கு லீட்ஸில் அருமையான ஒரு கருவியைச் செய்தார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

அடுத்த வருஷம் உப்பு. அதற்குள் சோடியமும் குளோரினும் சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாதிரி மாறி மாறி நின்றன. ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றி ஆறு சோடியம். யார் யாருக்கு ஜோடி என்று கேட்டால் பதிலே இல்லை. ஒரு மில்லிமீட்டர் உப்புக் கல்லில் இப்படிச் சுமார் 35 லட்சம் தளங்கள்! 1927-இல் கூட ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர், பாவம் உப்பை இப்படிச் சதுரங்கப் பலகையாக்கிவிட்டார்களே என்று கோபமாக எழுதினார்.

அதே 1913-இல் அப்பாவும் மகனும் சேர்ந்து வைரத்தின் அமைப்பைக் கண்டார்கள். பிறகு கால்சைட். தைப்பூசத்துக்கு நாம் ஏறிப் போகும் பத்துமலை ஒரு சுண்ணாம்புக்கல் குன்று. அந்தக் கல்லில் பெரும்பகுதி இந்தக் கால்சைட்தான். அதே கால்சியம், கார்பன், ஆக்சிஜன் வேறு விதமாக அடுக்கப்பட்டால் அரகோனைட் என்ற இன்னொரு கனிமம் ஆகிவிடும். பல சிப்பிகளின் உட்புறம் மினுமினுப்பது அதனால்தான். சிப்பி பொறுக்கிய பையன் 1924-இல் அதன் அமைப்பையும் கண்டுபிடித்தார். ஒரு கனிமம் எதனால் ஆனது என்பது பாதிக் கதை. எப்படி அடுக்கப்பட்டது என்பது மீதிக் கதை.

ஆனால் மகனுக்குள் ஒரு வலி இருந்தது. அப்பா உலகப் புகழ் பெற்றவர். மாநாடுகளுக்கு அவரைத்தான் அழைத்தார்கள். இது மகனின் யோசனை என்று அப்பா சொன்னாலும், கேட்பவர்கள் அப்பாவின் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொண்டார்கள். 1913-இல் சால்வே மாநாட்டுக்கும் அப்பா மட்டும்தான் போனார். அங்கிருந்து மகனுக்கு ஓர் அஞ்சல் அட்டை வந்தது. ஐன்ஸ்டைன், மேரி கியூரி எல்லாரும் அதில் கையெழுத்திட்டு வாழ்த்தியிருந்தார்கள். அழகான அட்டைதான், ஆனால் அவர் அந்த அறையில் இல்லையே.

அதற்குள் முதல் உலகப் போர் வந்துவிட்டது. எதிரியின் பீரங்கி எங்கே இருக்கிறது என்று சத்தத்தை அளந்து கண்டுபிடிக்கும் வேலை லாரன்ஸுக்கு. 1915 செப்டம்பரில் தம்பி ராபர்ட் கலிப்போலியில் பட்ட காயத்தால் இறந்தார். இரண்டே மாதத்தில், அப்பாவுக்கும் அவருக்கும் சேர்த்து நோபல் பரிசு என்ற செய்தி பெல்ஜியத்தில் போர்முனைக்கு வந்து சேர்ந்தது. வயது 25. அறிவியலில் அவரை விட இளம் வயதில் நோபல் பெற்றவர் இன்று வரை யாரும் இல்லை. ஒரே பரிசைப் பகிர்ந்துகொண்ட அப்பா மகனும் இவர்கள் மட்டும்தான். ஆனால் அந்த வீட்டில் அன்றைக்குக் கொண்டாடும் மனநிலையில் யார் இருந்திருப்பார்கள்?

1919-இல் மான்செஸ்டரில் பேராசிரியர் ஆனார். போரிலிருந்து திரும்பிய மாணவர்கள் வகுப்பில் கூச்சல் போட்டார்கள். பெயர் போடாமல் பழித்து எழுதிய கடிதங்களும் வந்தன. நோபல் வாங்கியவர் மனம் உடைந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டார்! ஆனாலும் விடவில்லை. அப்பா கரிமப் படிகங்களின் பக்கம் போக, மகன் கனிமங்களை எடுத்துக்கொண்டார். அது அவருக்கே உரிய களம்.

பூமியின் மேலோட்டில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சிலிகேட் கனிமங்கள்தான். அன்றைக்கு அவற்றின் வேதியியல் ஒரே குழப்பம். அவரும் குழுவினரும் அதற்குள் ஓர் எளிய அடிப்படையைக் கண்டார்கள். நடுவில் ஒரு சிலிக்கான், நான்கு மூலைகளிலும் நான்கு ஆக்சிஜன். எல்லாவற்றுக்கும் இதுதான் செங்கல். தனித்தனியாக நின்றால் ஆலிவின். ஆறு சேர்ந்து வளையமானால் பெரில்; அதன் ஒரு வகைதான் மரகதம். பூச்சரம் மாதிரி நீண்டால் டயாப்சைட். பாய் மாதிரி விரிந்தால் மைக்கா; அதனால்தான் மைக்கா ஏடு ஏடாக உரிகிறது. எல்லாப் பக்கமும் கைகோத்தால் குவார்ட்ஸ். எல்லாமே அவர் ஒருவர் செய்ததல்ல. அமெரிக்காவில் பாலிங் போன்றவர்களும் இதில் உழைத்தார்கள். 1937-இல் கனிமங்களின் அணு அமைப்பைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

1938-இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்துக்குத் தலைவரானார். 1953-இல் டி.என்.ஏ.வின் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் அங்கேதான் கண்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் அமைப்பைக் கண்ட ஜி.என். ராமச்சந்திரனும் அவர் காலத்தில் அதே ஆய்வகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்தான். கடைசியில் லண்டனில், ஒரு காலத்தில் வகுப்பை அடக்க முடியாமல் தவித்த அதே மனிதர், பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து கேட்கும் அறிவியல் பேச்சாளராக விளங்கினார். 1971 ஜூலை 1-இல் மறைந்தார்.

நண்பர்களே, இன்னும் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம், நமக்கு என்ன தெரியும் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். பெரியவர்கள் ஒன்று சொன்னால், மாற்றிச் சொல்வது மரியாதை இல்லை என்று பயப்படுகிறோம். லாரன்ஸ் அப்பாவை எதிர்த்துச் சண்டை போடவில்லை. முதலில் அப்பாவின் கருத்தை நேர்மையாகச் சோதித்தார். பிறகு தான் கண்டதை நேர்மையாகச் சொன்னார். அப்பாவும் அதை நேர்மையாக ஏற்றுக்கொண்டார். வீட்டில் மாற்றுக் கருத்து சொல்லத் தயங்குகிற தம்பி தங்கைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதை வாசிக்கிற அப்பாக்களும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது!