பிலிப் ஹென்றி கோஸ்

பிலிப் ஹென்றி கோஸ் (ஏப்ரல் 6, 1810 - ஆகஸ்ட் 23, 1888) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்கையியலாளர், நூலாசிரியர் மற்றும் ஓவியர் ஆவார். கடல்வாழ் உயிரினங்களைக் கண்ணாடித் தொட்டியில் உயிருடன் வளர்க்கும் முறையைப் பொதுமக்களிடையே பரப்பியவர் இவரே. அக்வேரியம் என்னும் சொல் இன்று வழங்கும் பொருளில் நிலைபெறவும் இவரது நூல்களே காரணமாயின. நன்னீரில் உப்புகளைக் கரைத்துக் கடல்நீர் செய்யும் எளிய முறையை 1854 இல் வெளியிட்டார்.

இளமை

கோஸ் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் கோஸ் ஊர் ஊராகச் சென்று சிற்றுருவ ஓவியங்கள் வரைந்து பிழைத்தவர். குடும்பம் பூல் என்னும் துறைமுக ஊரில் குடியேறியதால் கோஸ் கடற்கரையிலேயே வளர்ந்தார். இவரது அத்தை சூசன் பெல் உயிரினங்களில் ஆர்வம் மிக்கவர். கடற்சாமந்திகளைப் பிடித்துக் கடல்நீர் நிரம்பிய பாத்திரத்தில் வைத்துப் பார்க்குமாறு சிறுவனுக்குக் கூறியவர் அவரே.

வறுமை காரணமாகக் கோஸ் உயர்கல்வி பெறவில்லை. 1827 இல் நியூபவுண்ட்லாந்தின் கார்போனியர் ஊரில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கு பூச்சிகளை ஆராய்ந்து படங்களுடன் ஒரு கையெழுத்துப் படி தயாரித்தார். 1835 இல் கனடாவின் கியூபெக் பகுதிக்குச் சென்று வேளாண்மை செய்தார். அதில் வெற்றி கிட்டவில்லை. 1838 இல் அமெரிக்காவின் அலபாமாவில் ஆசிரியராகச் சில மாதங்கள் பணியாற்றிவிட்டு 1839 இல் இங்கிலாந்து திரும்பினார். முதல் நூல் 1840 இல் வெளிவந்தது. 1844 முதல் 1846 வரை ஜமைக்காவில் தங்கிப் பறவைகளையும் பிற உயிரினங்களையும் சேகரித்தார். ஜமைக்காவின் பறவைகள் பற்றிய இவரது நூல் 1847 இல் வெளியானது.

1848 இல் எமிலி போவ்ஸ் என்பவரை மணந்தார். இருவரும் பிளைமவுத் சகோதரர் சபை என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தவர்கள். ஒரே மகன் எட்மண்ட் 1849 இல் பிறந்தார்.

தொட்டிக்குள் கடல்

கடல் உயிரினங்களைத் தொட்டியில் வளர்க்க முயன்றவர்களில் கோஸ் முதலாமவர் அல்லர். பிரான்சு நாட்டவரான ஜான் வில்லப்ரூ-பவர் 1830களில் சிசிலித் தீவில் கண்ணாடித் தொட்டிகளை அமைத்துக் கடலுயிர்களை ஆராய்ந்தார். அன்னா தைன் 1846 இல் பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து, நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றிக் காற்றேற்றி வளர்த்தார். வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் நீர்த்தாவரம், தங்கமீன், நத்தை ஆகிய மூன்றும் சேர்ந்த நன்னீர்த் தொட்டி ஒன்றை நீர் மாற்றாமலே பராமரிக்கலாம் என 1850 இல் விளக்கினார். மீன் வெளியிடும் கரியமில வாயுவைத் தாவரம் எடுத்துக்கொண்டு ஆக்ஸிஜனைத் தருகிறது. அழுகும் இலைகளை நத்தை தின்கிறது. பின்னர் இதே முறையை அவர் கடல்நீரிலும் சோதித்தார்.

உடல்நலம் குன்றியதால் 1852 இல் டெவன் கடற்கரைக்குச் சென்ற கோசும் இதே முயற்சியில் ஈடுபட்டார். 1853 மே மாதம் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்கா விலங்கியல் தோட்டத்தில் உலகின் முதல் பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குரிய கடலுயிர்களைத் திரட்டி அனுப்பியவர்களில் கோஸ் முதன்மையானவர். 1854 இல் வெளிவந்த இவரது அக்வேரியம் நூல் வண்ணப்படங்களுடன் பெரும் வரவேற்பைப் பெற்றது. தொடர்ந்து நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைகளில் கடல்நீர்த் தொட்டி வைப்பது ஒரு மோகமாகவே பரவியது.

செயற்கைக் கடல்நீர்

கடலிலிருந்து தொலைவில் வாழ்வோருக்குக் கடல்நீர் பெறுவது கடினமாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தது. ஆங்கிலக் கால்வாய் நீரின் வேதியியல் பகுப்பாய்வு ஒன்றை அடிப்படையாகக் கொண்டு கோஸ் ஒரு கலவையை உருவாக்கினார். இன்றைய அளவுகளில் அது ஏறத்தாழ வருமாறு:

சமையல் உப்பு - 99 கிராம்
எப்சம் உப்பு - 7 கிராம்
மக்னீசியம் குளோரைடு - 13 கிராம்
பொட்டாசியம் குளோரைடு - 2.6 கிராம்
நன்னீர் - 4.5 லிட்டருக்குச் சற்றுக் குறைவு

மிகச் சிறிய அளவில் உள்ள பிற உப்புகளை இவர் விட்டுவிட்டார். கலந்த நீரை வடிகட்டித் தொட்டியில் ஊற்றி, கடற்கரைக் கற்களையும் பச்சைக் கடற்பாசியையும் இட்டு, ஒரு வாரத்திற்கு மேல் காத்திருந்து, அதன் பின்னரே விலங்குகளை விட்டார். உப்புக் கரைசல் மட்டுமே கடல்நீர் ஆகிவிடாது, உயிர்கள் வாழத்தக்கதாக அது முதலில் பக்குவப்பட வேண்டும் என்பதை இவர் உணர்ந்திருந்தார். பாசி வெளியிடும் ஆக்ஸிஜனே இதற்குக் காரணம் என அன்று கருதப்பட்டது. கழிவிலிருந்து உண்டாகும் நச்சுத்தன்மை கொண்ட அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை செர்கெய் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தது 1890 வாக்கில்தான். கற்களிலும் பாசியிலும் ஒட்டிவந்த இத்தகைய நுண்ணுயிர்களும் கோசின் தொட்டிக்கு உதவியிருக்க வேண்டும்.

இன்றைய நடைமுறையுடன் ஒப்பீடு

பயன்படுத்திய நன்னீர்த் தொட்டியைக் கடல்நீர்த் தொட்டியாக மாற்றுவோர் இன்றும் கோஸ் சென்ற வழியிலேயே செல்கின்றனர். பழைய சரளைக் கற்களும் மரத்துண்டுகளும் வடிகட்டியின் பஞ்சும் அகற்றப்படுகின்றன. கண்ணாடியில் படிந்த வெண்ணிறச் சுண்ணாம்புப் படிவு வினிகர் கலந்த நீரால் கரைக்கப்பட்டு, தொட்டி பலமுறை அலசப்படுகிறது. எஞ்சும் சிறு அளவும் உயிர்களைப் பாதிக்கும் என்பதால் சோப்பு பயன்படுத்துவதில்லை. முன்பு மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து இட்ட தொட்டியாயின் கூடுதல் கவனம் தேவை. மீன் தாங்கும் செம்பின் அளவு கடற்சாமந்தி, பவளம், இறால் முதலிய முதுகெலும்பற்ற உயிர்களைக் கொன்றுவிடும்.

சுத்தம் செய்த தொட்டியில் உப்புநீர் நிரப்பியவுடன் உயிர்களை விடலாகாது. நன்னீரில் பழகிய பாக்டீரியாக்கள் பெரும்பாலும் உப்புநீரில் செயலிழப்பதால், புதியவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் இல்லாமற்போன பின்னரே உயிர்கள் விடப்படுகின்றன. இன்றைய உப்புக் கலவைகளில் கோசின் கலவையில் இடம்பெறாத கால்சியமும் உண்டு. பவளங்களும் சிப்பிகளும் தம் கூட்டினைக் கட்ட இது இன்றியமையாதது.

1857 ஆம் ஆண்டு

1856 இல் கோஸ் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முறையான கல்வி பெறாத ஒருவருக்கு இது பெரும் பேறு. அதே ஆண்டு எமிலிக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. வேதனை மிக்க சிகிச்சைக்குப் பின் அவர் 1857 பெப்ரவரியில் காலமானார்.

அவ்வாண்டிலேயே கோஸ் ஓம்ஃபலோஸ் என்னும் நூலை வெளியிட்டார். கிரேக்கத்தில் இச்சொல்லுக்குத் தொப்புள் என்று பொருள். உலகம் மிகப் பழமையானது எனக் காட்டும் பாறைப் படிவுகளையும், அதனை அண்மைக்காலப் படைப்பாகக் கொள்ளும் விவிலியத்தையும் இணக்கப்படுத்த இந்நூலில் முயன்றார். படைக்கப்பட்ட மரத்தில் வளராத ஆண்டுகளின் வளையங்கள் இருப்பது போல, புதிதாகப் படைக்கப்பட்ட பூமியிலும் நிகழாத கடந்தகாலத்தின் தடயங்கள் இருக்கும் என்பது இவரது வாதம். அறிவியலாளரும் சமயவாதிகளும் இதனை ஏற்கவில்லை. இவரது நண்பரான எழுத்தாளர் சார்லஸ் கிங்ஸ்லியும் நிராகரித்தார். மனம் நொந்த கோஸ் மகனுடன் டெவனில் உள்ள செயின்ட் மேரிசர்ச் ஊரில் குடியேறினார்.

கடற்கரைக்கு நேர்ந்த இழப்பு

பிரிட்டனின் கடற்சாமந்திகள், பவளங்கள் பற்றிய இவரது பெருநூல் 1858-1860 காலத்தில் வெளிவந்து நெடுங்காலம் அடிப்படை நூலாக விளங்கியது. ஆனால் இவரது எழுத்தால் ஈர்க்கப்பட்டோர் உளியும் சுத்தியலுமாகக் கடற்கரைகளுக்குத் திரண்டனர். வணிகர்களும் தொட்டிகளுக்காக உயிர்களைச் சேகரித்தனர். கோஸ் விவரித்த பாறைக் குட்டைகள் பலவும் சில ஆண்டுகளுக்குள் வெறுமையாயின. தாம் எதிர்பாராத இவ்விளைவுக்குத் தம் நூல்களே வழிவகுத்ததை அறிந்து தந்தை மிகவும் வருந்தியதாக மகன் எட்மண்ட் கோஸ் பதிவு செய்துள்ளார். தொட்டி மோகமும் 1860களில் தணிந்தது. ஆயினும் பல கரைகள் பழைய வளத்தை மீண்டும் பெறவில்லை என்பது எட்மண்டின் கருத்து.

பிற்காலம்

1860 இல் கோஸ் எலிசா பிரைட்வெனை மணந்தார். பிற்காலத்தில் ஆர்க்கிட் மலர்களை வளர்ப்பதிலும் நுண்ணோக்கி ஆய்விலும் ஈடுபட்டார். சார்லஸ் டார்வினுடன் இவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. சி. டி. ஹட்சனுடன் இணைந்து உருவாக்கிய, ரோட்டிபெரா என்னும் நுண்ணுயிரிகள் பற்றிய நூல் 1886 இல் வெளியானது. 1888 ஆகஸ்ட் 23 அன்று செயின்ட் மேரிசர்ச்சில் காலமானார்.

மதிப்பீடு

எட்மண்ட் 1907 இல் வெளியிட்ட தந்தையும் மகனும் என்னும் நூல் கோசைக் கடுமையான சமயப்பற்றாளராகச் சித்திரித்தது. பிற்காலத்தோர் இவரைப் பெரும்பாலும் அந்நூல் வழியாகவே அறிந்தனர். 2002 இல் ஆன் துவைட் எழுதிய வரலாறு இச்சித்திரத்தின் மிகைகளைச் சுட்டிக்காட்டி, அன்பும் ஆர்வமும் நிறைந்த ஒருவரைக் காட்டியது. கடலைக் காணாதவர்க்கும் அதன் உயிர்களைக் காணும் வாய்ப்பைத் தந்தது கோசின் பெரும் பணி. அதற்காகக் கடலிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்னும் வினாவும் இவரது தொட்டிகளுடனேயே எழுந்தது.