ஏடு தேடிய ஏந்தல் உ. வே. சாமிநாதையர்

திருவிழாக் காலத்தில் அடியார் வரலாறுகளைப் படிப்பதும் கேட்பதும் நம் மரபு. அந்த வரிசையில் தமிழுக்கு அடியவராய் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றையும் இம்மலரில் சேர்ப்பது பொருத்தமாகும் என்று கருதுகிறோம். தமிழ்த் தாத்தா என்று நாம் அன்போடு அழைக்கும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் பெயரை அறியாத தமிழ்ப்பள்ளி மாணவர் இருக்க முடியாது. ஆனால், அந்தத் தாத்தா இளைஞராயிருந்தபோது தம் திறமையில் எத்துணை ஐயங்கொண்டிருந்தார் என்பதைப் பலர் அறியார்.

அவர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம் அவருடைய ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான், சிறந்த சிவபக்தர். இராமாயணக் கதை சொல்லிக் கிடைத்ததைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். மகனும் இசையில் தேறவேண்டும் என்பது அவர் விருப்பம். உறவினர்களோ வேறு வழி காட்டினர். ஆங்கிலம் படித்தால் இவ்வுலகில் நலம், வடமொழி படித்தால் மறுமைக்கு நலம், தமிழ் இரண்டுக்கும் உதவாது என்பது அக்காலத்தில் அறிந்தோர் பலரும் சொன்ன அறிவுரை. வறுமை வாட்டிய அக்குடும்பத்தில் அதனை மறுத்துப் பேசுவது எளிதன்று. ஆயினும் பிள்ளையின் மனம் தமிழிலேயே நின்றது. தந்தையார் தம் விருப்பத்தை ஒதுக்கிவிட்டு, நல்லாசிரியரைத் தேடி ஊர் ஊராக மகனை அழைத்துச் சென்றார். ஒரு தந்தை செய்யத்தக்க தியாகங்களுள் இதனையும் ஒன்றாக வைக்கலாம்.

1871ஆம் ஆண்டு, மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் முன் அப்பதினாறு வயது இளைஞர் நின்றார். கடல் போன்ற புலமை படைத்த அப்பெரியவர் பாடல் சொல்லச் சொன்னபோது, அச்சத்தோடு நைடதச் செய்யுளைச் சொன்னார். பாதியில் விட்டுச் சென்ற மாணவர் பலரைக் கண்டிருந்த ஆசிரியர் முதலில் சற்றுத் தயங்கினார், பின்னர் ஏற்றுக்கொண்டார். வேங்கடராமன் என்ற பெயருடைய அவரைச் சாமிநாதன் என்று அழைத்தவரும் அவ்வாசிரியரே. 1876 பிப்ரவரி முதல் நாள் ஆசிரியர் மறைந்தார். அவர் இறுதி வேளையில் அருகிருந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை ஓதியவர் இம்மாணவரே. அதன்பின் திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்தார்.

1880ஆம் ஆண்டு கும்பகோணம் அரசாங்கக் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். மடத்திலேயே இருந்து பழகிய இளைஞருக்கு ஆங்கிலக் கல்லூரி புதிய உலகம். அங்குள்ள ஆசிரியர்கள் அவர் புலமையைச் சோதித்துப் பார்த்த பின்னரே வேலை உறுதியாயிற்று. நிலையான சம்பளம், நல்ல பெயர், மாணவர் மதிப்பு எல்லாம் வந்தன. பலருடைய வாழ்க்கை இந்த இடத்தில் இனிதே நிறைவு பெற்றுவிடும்.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவ, அவர் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று நீண்ட வரிசையை அடுக்கினார். முதலியார் முகத்தில் மகிழ்ச்சி தோன்றவில்லை. இவற்றால் என்ன பயன் என்பதுபோல் கேட்டுவிட்டு, சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை, அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை. இரவு பகலாகத் தமிழ் கற்ற ஒருவருக்கு, கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த அதே ஆண்டில், கற்றது போதாது என்று உணர்த்தப்பட்டது. கோபம் கொண்டு எழுந்து சென்றிருந்தால் அதனை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ முதலியாரிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுப் படிக்க முன்வந்தார்.

படிக்கத் தொடங்கியதும் ஐயம் பெருகியது. 3,145 செய்யுட்களைக் கொண்ட அக்காப்பியம் சமண நூல். சைவ மடத்தில் வளர்ந்தவருக்கு அதன் சமயக் கருத்துகள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரையோ, பெயர் சொல்லாமலே எத்தனையோ பழம்பாடல் வரிகளை எடுத்துக் காட்டிச் சென்றது. அவை எந்த நூல்களைச் சேர்ந்தவை என்று கூறவல்லார் அருகில் எவருமிலர். இத்தனை அறியாமையோடு இப்பணியில் இறங்கலாமா என்ற கேள்வி அவரைப் பலகாலம் வருத்தியது.

அவர் கண்ட வழி மிக எளியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் சென்று கேட்டார். கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்ந்தனர். அவர்கள் வீட்டுக்குச் சென்றபோது வாயிலில் தோரணம் கட்டப்பட்டிருந்தது. சிந்தாமணியைப் பாராயணமாகப் படித்து நிறைவு செய்ததற்கான கொண்டாட்டம் அது. புலவர்கள் மறந்துவிட்ட ஒரு நூல், அடுத்த தெருவில் வழிபாட்டு நூலாக உயிரோடிருந்தது! சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் கல்லூரி ஆசிரியர் மாணவராக அமர்ந்து பாடம் கேட்டார். சமண நூலுக்கு இவர் ஏன் இத்தனை பாடுபடவேண்டும் என்று முகஞ்சுளித்தவர்களும் இருந்தனர். ஆனால் நாள்தோறும் சிவபூசை செய்த தந்தையார் தடுக்கவில்லை. ஆதீனகர்த்தரும் ஆதரவைக் குறைக்கவில்லை. சமயப்பற்றும் பரந்த மனமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இப்பெரியோரைக் காட்டலாம்.

நூலை அச்சிடும் எண்ணம் வந்தபோது மீண்டும் தயக்கம். பதிப்புத் துறையில் முன்னோடியாக விளங்கிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை, தாமே சிந்தாமணியைப் பதிப்பிக்க விரும்பிக் கேட்டார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். அவரிடம் விட்டுவிட்டால் பெருஞ்சுமை குறையும். ஆயினும் பல ஆண்டு உழைப்பைக் கைவிட மனம் ஒப்பாமல், தாமே பதிப்பிப்பது என்று முடிவு செய்தார். முன்பணம் தருவோரிடம் கையொப்பம் வாங்கி, விடுமுறைதோறும் சென்னைக்குச் சென்று அச்சுப்படிகளைத் திருத்தினார். 1887ஆம் ஆண்டு சீவகசிந்தாமணி வெளிவந்தது.

நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் விட்ட வரிகளுக்கும் விடை கிடைத்தது. திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளிடையே பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் இருந்தன. தம் ஆசிரியர் வாழ்ந்த இடத்திலேயே அப்புதையல் கிடந்ததை எண்ணும்போது நமக்கு மெய் சிலிர்க்கிறது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அச்சேறின. மணிமேகலைக்காக மளூர் ரங்காசாரியாரிடம் பௌத்தம் கேட்டுத் தெளிந்தார். கேட்பதற்கு நாணாத குணம் கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

ஆலயப் பொறுப்பிலுள்ள நம் போன்றோர் மனத்தில் நிறுத்தவேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. பாண்டி நாட்டுக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழஞ்சுவடிகள் இருப்பதாகக் கேள்வியுற்று ஐயர் ஆவலோடு சென்றார். பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடவேண்டும் என்று ஆகமம் கூறுவதாக எண்ணி, அவற்றை முன்பே எரித்துவிட்டதாக அங்கிருந்தோர் தெரிவித்தனர். தீய எண்ணத்தால் செய்ததன்று, பக்தியோடு செய்ததே. எந்தெந்த நூல்கள் சாம்பலாயின என்பதை இனி எவரும் சொல்ல இயலாது. நம் ஆலய அலமாரிகளிலுள்ள பழைய கணக்குகளையும் மலர்களையும் ஒதுக்குமுன் இதனை ஒருகணம் நினைக்கலாம்.

அவர் ஏடு தேடி அலைந்த அதே காலத்தில்தான், அதே தஞ்சை மண்ணிலிருந்தும் நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்துகொண்டிருந்தனர். அவர்கள் கையில் ஏடில்லை. நெஞ்சில் மாரியம்மன் தாலாட்டு இருந்தது. கேரி தீவில் ரப்பர் போட்டு, பின்னர் செம்பனைக்கு மாறிய அம்மக்களின் பிள்ளைகள் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் சிலம்பின் கதையையும் புறநானூற்றின் பெயரையும் கற்றார்கள் என்றால், அதற்குக் கும்பகோணத்து இளைஞர் ஒருவரின் தயக்கம் தோற்றதே முதற்காரணம்.

1903இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை அடைந்தன. திருவேட்டீசுவரன்பேட்டையில் வாழ்ந்த வீட்டுக்குத் தம்மைக் கல்லூரியில் அமர்த்திய பெரியவரின் பெயரால் தியாகராச விலாசம் என்று பெயரிட்டிருந்தார். முதுமையிலும் ஓயாமல் 1937இல் குறுந்தொகையைப் பதிப்பித்தார். 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிவந்தார். முதலியார் முன் தாம் தலைகுனிந்த நாளை அதில் சிறிதும் மறைக்கவில்லை.

போர் அச்சத்தால் சென்னை மக்கள் வெளியேறிய 1942ஆம் ஆண்டில் அவரும் திருக்கழுக்குன்றத்துக்குச் சென்று தங்கினார். அங்கே ஏப்ரல் 28ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். மலாயா அப்போது ஜப்பானியர் வசமாகி, தமிழகத்தோடு தபால் தொடர்பும் அறுந்திருந்தது. எழுதிவந்த சரித்திரம் முற்றுப்பெறாமலே நின்றது. 1950இல் அது நூலாக வெளிவந்தது.